கடைசித் தட்டு

ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் விட்டுவிட்டால், அப்பாவின் பெயரை நான் அச்செழுத்தில் பார்த்தது ஒரு பொம்மைக் காரின் பக்கத்தில்தான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பொங்கலுக்கு முதல் நாள் முதலாளி வீட்டில் வேட்டி புடவை கொடுப்பார்கள் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஏசி அறையின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, தட்டுத் தட்டாகக் கார்கள். கடைசித் தட்டில், என் முழங்கால் உயரத்தில், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு டாக்சி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைச்சலான நீளம். இடது பக்கக் கதவைக் காணோம். அது தனியாக, கொஞ்சம் பஞ்சின் மேல் கிடந்தது. முன்னால் விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை.

‘டிரைவர் கலியபெருமாள். இடது கதவு.’

குனிந்து இரண்டு தடவை படித்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், இல்லை வெட்கமாவது வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது யோசனைதான்: கீல்தானே உடைந்திருக்கிறது, ஒரு சின்னக் கம்பி செருகினால் போதுமே. கதவு மாட்டிவிட்டால் அட்டைக்கு அங்கே என்ன வேலை?

அந்த யோசனை தோன்றிய நொடியில் நான் ஒரு கார் பைத்தியம் ஆனேன். அதற்குக் காரணமான மனிதரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பெயரை அச்சிட வேறு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டையிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் அவருடைய நெல் மில். எங்கள் பக்கம் முதலாளி என்றால் அவர்தான். அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மூட்டை தூக்கும் ஆட்களைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். ஒருவரைச் சாய்க்கக் கையோ குரலோ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊருக்கு, ஒரு சின்ன அட்டையே போதும் என்று காட்டியவர்.

அவர் எல்லாக் கார்களையும் சேர்ப்பவர் இல்லை. திரையில் ஓடிய கார்கள் மட்டும். சினிமாவில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிவியில் வந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் படத்துக் கார்கள் பிரிக்காத அட்டைப் பெட்டியோடு மேல் தட்டுகளில் இருக்கும். நம்மூர்ப் படங்களுக்கு யாரும் அப்படிப் பொம்மை போடுவதில்லை என்பதால் வெறும் மாடல்களை வாங்கி, தஞ்சாவூரில் ஒரு பெயின்டரிடம் கொடுத்து மாற்றுவார். மாமியார் வந்து இறங்கும்போதெல்லாம் ஊதல் சத்தம் போடுவார்களே, அந்த சீரியலின் வெள்ளை அம்பாசடர் அவரிடம் இருந்தது. பேய்ப் படத்தில் ஆளில்லாமல் நகரும் சவ வண்டி இருந்தது. கடைசிச் சண்டையில் குண்டடி பட்ட ஜீப் ஒன்று. படத்தை ரிமோட்டால் நிறுத்தி நிறுத்தி, எந்த ஓட்டை எந்த இடத்தில் என்று பார்த்து, சூடான ஊசியால் அவரே குத்தியது. அவரைப் பார்க்க, அவரைப் போலவே கார் சேர்க்கும் ‘கலெக்டர்’கள் வெளியூரிலிருந்து வருவார்கள். “நாளைக்கு ரெண்டு கலெக்டர் வர்றாங்க” என்று அப்பா டீக்கடையில் சொல்லப்போய், ஒருவர் பட்டா மாற்றும் மனுவோடு வந்து மில் வாசலில் நின்ற கதையும் உண்டு.

மேலே இருந்த நாலு தட்டும் கார்களுக்கு. கடைசித் தட்டு மனிதர்களுக்கு.

யார் கையால் எது கெட்டதோ அது அங்கே இறங்கும், பக்கத்தில் அவர் பெயரும் இறங்கும். “தப்பு நடக்கலாங்க. ஒளிச்சு வைக்கக் கூடாது.” இது அவர் அடிக்கடி சொல்வது. சொல்லும்போது முகத்தில் ஒரு சாந்தம் வரும், தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்புகிறவரைப் போல.

அதிராம்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வருவார். துபாயில் கடை. ஊருக்கு வரும்போது முதலாளி கேட்ட காரைத் தேடி வாங்கி வருவார். ஒருமுறை, பெட்டியில் போட்டால் நசுங்கும் என்று விமானம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். திருச்சியில் இறங்கி ஊருக்குப் போகும் பஸ்ஸில் யாரோ ஓர் அம்மாள் கூடையை இறக்கி வைக்க, அட்டைப் பெட்டியின் மூலை மடங்கிவிட்டது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “ரொம்ப சந்தோஷங்க பாய். மூலைய மட்டும் கவனிக்கல போல” என்றார். அடுத்த தடவை பாய் வந்தபோது அது கடைசித் தட்டில் அவர் பெயரோடு இருந்தது. பாய் சிரித்தார்.

“மொதலாளி, கடலத் தாண்டுற வரைக்கும் ஒண்ணும் ஆவல. ஒரத்தநாட்டுல ஏறுன கூடைதான் கவுத்துடுச்சு. அந்தக் கூடைக்காரம்மா பேரையும் சேத்துப் போட்டுருங்க.”

காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. தப்பித்துப் போக முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டிலேயே இருந்தவருக்கு அந்த வழி இல்லை. முதலாளியின் மனைவியை நாங்கள் பெரியம்மா என்போம். ஓர் ஆயுத பூஜைக்கு முதலாளி ஏதோ பொம்மைக் கண்காட்சி என்று சென்னை போய்விட்டார். மில்லில் மெஷின்களுக்கும் லாரிகளுக்கும் பெரியம்மாதான் பூஜை போட்டார். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு அலமாரி கண்ணில் பட்டிருக்கிறது. இதுவும் வண்டிதானே, இதற்கு மட்டும் ஒரு பொட்டு இல்லாமல் இருக்கிறதே என்று தோன்றியிருக்கிறது. சாவியை எடுத்துத் திறந்து, பெட்டி இல்லாமல் வெளியே நின்ற கார்கள் ஒவ்வொன்றின் மூக்கிலும் மோதிர விரலால் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உதிரிப் பூ வைத்தார். ஒரு குட்டிக் கற்பூரமும் காட்டினார். “பாக்கவே நெறைவா இருந்துச்சுடி” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

முதலாளி திரும்பி வந்தார். திட்டவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்தார். வெள்ளை அம்பாசடரில் மட்டும் குங்குமச் சாயம் பெயின்டுக்குள் இறங்கிவிட்டது. அது போதும் அவருக்கு. ‘வீட்டம்மா. ஆயுத பூஜை.’ பெயர்கூடப் போடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜைகளில் எல்லாம் விருந்தாளிகளை அந்தத் தட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், “எங்க வீட்டு குருக்களோட கைங்கரியம், பாருங்க” என்பார். சரியாக அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து காபி வரச் சொல்லியிருப்பார். பெரியம்மா தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார், அவர்கள் சிரித்து முடிக்கும்வரை. வெள்ளிக்கிழமை வரும் பெண்களுக்குத் தன் விரலால் குங்குமம் வைத்து அனுப்புகிற வழக்கம் அவருக்கு இருந்தது. அது நின்றுபோனது. சிமிழை நீட்டுவதோடு சரி.

அப்பாவின் தப்பு இதைவிடச் சின்னது. முதலாளியிடம் சேருவதற்கு முன்பு அப்பா கும்பகோணத்தில் டாக்சி ஓட்டியவர். பழைய வீட்டிலிருந்து புது வீட்டு அலமாரிக்குக் கார்களை மாற்றியபோது, நம்பிக்கையான ஆள் என்று அப்பாவைத்தான் தூக்கச் சொன்னார்கள். அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சி ஏதோ ஒரு படத்தில் நாயகன் ஓட்டியது. அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: உள்ளே மீட்டர் வைத்திருக்கிறார்களா? நகத்தால் கதவை நெம்பினார். கீல் உடைந்து கதவு கையோடு வந்துவிட்டது. மீட்டர் இருந்ததாப்பா என்று கேட்டிருக்கிறேன். “அதப் பாக்கறதுக்குள்ளதான் வந்துருச்சே பாப்பா.”

தட்டைப் பார்க்க வருகிறவர்களை ரயிலடியிலிருந்து கூட்டி வருவது அப்பாவின் வேலை. பிறகு வாசலில் நிற்க வேண்டும். “நம்ம கலியபெருமாள பாத்தீங்கல்ல, வாசல்ல நிக்கிறாரே, அவருதான்” என்று முதலாளி உள்ளிருந்து கை காட்டுவார். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா வணக்கம் வைப்பார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் அந்த அறைக்குப் போனேன். ஆசையாகப் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும். பிளஸ் டூ முடிந்த விடுமுறையில், தஞ்சாவூர்க் கடையில் வாங்கிய மலிவு கார் ஒன்றைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, ஒரு போலீஸ் சீரியலின் ஜீப்பாக மாற்றி எடுத்துப் போனேன். வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு வாங்கினார். பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“சைரன் எந்தப் பக்கம் வெச்சிருக்க?”

“நடுவுல சார்.”

“மொத பன்னெண்டு எபிசோடு நடுவுல. அப்பறம் வண்டிய மாத்திட்டாங்க. இது பின்னாடி வந்த நம்பர் பிளேட்டு. அப்ப சைரன் வலது பக்கம் இருக்கணும்.” டிவியில் ஓட்டிக் காட்டினார். வலது பக்கம்தான் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கள் ஊரில், எங்கள் பள்ளியில், எனக்குத் தெரிந்த மொத்த உலகத்தில், இதைப் பார்க்கத் தெரிந்த வேறு ஓர் ஆள் இல்லை. நான் ஒரு மாதத்தில் பிடிக்காத ஒன்றை ஒரு நொடியில் பிடிக்கிறார். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகும் விடுமுறை வந்தால் போவேன். இரண்டு பேரும் சண்டைக் காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு கிரில் கம்பிகளைப் பற்றிப் பேசுவோம். அப்பா வாசலில் நிற்பார்.

அவர் சொன்ன கதைகள் ஒன்றிலும் அவர் தப்பு ஒன்றுகூட வராது. கடைசித் தட்டிலும் அவர் பெயர் இல்லை. ஒருநாள் கேட்டேன்.

“உங்க கையால எதுவுமே உடைஞ்சதில்லையா சார்?”

“என் கையால எப்படிம்மா உடையும்?” என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அவருடைய சிவப்புக் கார் வாய்க்காலில் விழுந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அது பொம்மை இல்லை, நிஜக் கார். பழைய பெரிய கார் ஒன்றின் கூரையை அறுத்து எடுத்து, சிவப்பு அடித்து, ஒரு பழைய படத்தில் வில்லன் ஓட்டி வரும் திறந்த காரைப் போல மாற்றி வைத்திருந்தார். அது கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே, சிவப்பு என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டதற்கு, “போஸ்டர்ல செவப்பும்மா” என்றார். கல்யாணங்களுக்கு அதில்தான் போவார். அன்று திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாணம். அப்பா லீவு, என் சித்தப்பா பெண்ணுக்குக் காதுகுத்து. அதனால் முதலாளியே ஓட்டினார். மில்லுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் போவதற்குப் பதில் முன்னால் போட்டு, நேராகத் தண்ணீரில் இறக்கிவிட்டார். மூக்கு உள்ளே, பின் சக்கரங்கள் வானத்தில். பட்டு வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றவரைப் பார்த்து, எதிர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஒற்றைச் செருப்பு மட்டும் மிதந்து போனதாம். “மொதலாளி மீன் புடிக்க எறங்கிட்டாருடி” என்று ஒருத்தி சொன்னது ஒரு வாரம் ஊரெல்லாம் ஓடியது.

அப்பாவுக்கு போன் வந்தது. காதுகுத்துப் பந்தியில் இலையை விட்டு எழுந்து போனார். டிராக்டர் வைத்துக் காரை இழுத்தார். மதகில் சிக்கியிருந்த செருப்பை எடுத்துக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதலாளி அதை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னாராம்: “யாராச்சும் கேட்டா நீங்கதான் ஓட்டுனீங்கன்னு சொல்லிடுங்க கலியபெருமாள்.”

“சரிங்க.”

கேட்டவர்களுக்கு அப்பா அப்படியே சொன்னார். சிரிப்பை அடக்க மிகவும் கஷ்டப்பட்டது கேட்டவர்கள்தான். நடவு நட்ட பெண்களில் எங்கள் அத்தையும் இருந்தாள்.

இரண்டாம் வருட விடுமுறையில் நான் பேரம் பேசினேன்.

“சார், அந்த டாக்சி கதவ நான் மாட்டித் தர்றேன்.”

“மாட்டிட்டா?”

“அப்பா அட்டைய எடுத்துரணும்.”

அலமாரிச் சாவியை எடுத்தார். “சரி. சரியா இருந்தா எடுத்துடறேன்.”

டாக்சியைப் பஞ்சு வைத்துக் கட்டிக் கொடுத்தார். உடைந்த கீலின் அடியில் மயிரிழை அளவுக்குத் துளை போட்டேன். ஊசியை வெட்டிச் செருகினால் ஒடிந்தது. விடுதித் தோழி ஒருத்தியின் கிடாரிலிருந்து அறுந்த கம்பியை வெட்டிச் செருகினேன், நின்றது. ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் மஞ்சளைக் கலந்து பிடிப்பதற்குத்தான் அதிக நாள் ஆனது. பழைய மஞ்சளில் கொஞ்சம் அழுக்கும் இருந்தது, அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. முடித்ததும் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தேன். உள்ளே மீட்டர் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “அட, மீட்டர் கொடி கூட வெச்சிருக்கான்” என்றார்.

நான் கொண்டுபோன அன்று முதலாளி வேண்டுமென்றே ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். மதுரையிலிருந்து இரண்டு பேர், திருச்சியிலிருந்து ஒருவர். அப்பாவையும் உள்ளே வரச் சொன்னார். அந்த அறைக்குள் அப்பா செருப்பில்லாமல் வந்து சுவரோரம் நின்றார். முதலாளி கையுறையோடு டாக்சியை எடுத்தார். கதவை விரல் நுனியால் திறந்தார். மூடினார். பூதக்கண்ணாடியை எல்லோருக்கும் கொடுத்தார். திருச்சிக்காரர், “கம்பெனி வேலை மாதிரி இருக்கே” என்றார்.

“பிரமாதம்மா” என்றார் முதலாளி.

குனிந்து கடைசித் தட்டிலிருந்து அப்பாவின் அட்டையை எடுத்தார். அப்பாவிடமே நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கணம் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அதைத்தான் நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன், அதற்கு அடுத்த கணம் வருவதற்கு முன்.

முதலாளி சட்டைப் பையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்தார். டாக்சியை அதே தட்டில், அதே இடத்தில் வைத்து, அட்டையை அதன் முன்னால் நிறுத்தினார்.

‘ஒட்டு வேலை. டிரைவர் கலியபெருமாள் மகள்.’

“ரிப்பேர் ஆன வண்டி ரிப்பேர் ஆன வண்டிதாம்மா. அத எப்படி மேல ஏத்த முடியும்? அட்டைய எடுக்கறேன்னேன், எடுத்துட்டேன்ல?” என்று சிரித்தார். மதுரைக்காரர்களும் சிரித்தார்கள். அட்டை அச்சடித்தது, கடையில் கொடுத்து அடித்து வாங்கியது. நான் டாக்சியைக் கொண்டுவருவதற்கு முன்பே, அது நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே, அந்த அட்டை அவர் பையில் இருந்திருக்கிறது.

திரும்பி வரும்போது அப்பாதான் வண்டி ஓட்டினார். சாலியமங்கலம் கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை காத்திருந்தபோது சொன்னார்.

“எம்பேரே இருந்துட்டுப் போயிருக்கலாம் பாப்பா.”

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. படிப்பு முடிந்தது, ஒரகடத்தில் கார் பாகங்களை வரையும் வேலை கிடைத்தது. அப்பாவை மில்லிலிருந்து நிறுத்தினேன். மில்லும் கைமாறிவிட்டது. முதலாளிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, மகன் அவரைச் சென்னை அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். போன மாதம் பெரியம்மா அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். இடம் இல்லை என்று கார்களையெல்லாம் மகன் விற்றுவிட்டாராம். பிரிக்காத பெட்டி, பெயின்டரிடம் கொடுத்து மாற்றியது, ஊசியால் குத்திய ஜீப், எல்லாம் போய்விட்டது.

“கடேசித் தட்ட மட்டும் தர மாட்டேன்னுட்டார்டி. கட்டிலுக்கு எதுக்கயே மாட்டச் சொல்லி, அதையேதான் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கார். வர்ற நர்சுக்கெல்லாம் அட்டைய வாசிச்சுக் காட்டறார். எங்கையில இன்னும் காபிதான்.”

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சந்தோஷத்தில். எத்தனை நாளாகத் தேடிய யோசனை இது. அவர் தட்டு இன்னும் இருக்கிறது, கண் இன்னும் இருக்கிறது, சட்டம் அவரே போட்டது. அந்தத் தட்டில் இன்னொரு கார் வைக்க இடமும் இருக்கும்.

சிவப்புக் காரைச் செய்யப் போகிறேன். அந்த டாக்சியைப் போலவே, நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு அளவு. கூரை அறுத்த இடத்தில் லேத் பட்டறைக்காரர் விட்ட பிசிறு உட்பட. மூக்கு தண்ணீரில், பின் சக்கரங்கள் மேலே. தண்ணீருக்கு ரெசின் ஊற்றலாம், கலங்கல் நிறத்துக்கு மில்லுக்குப் பின்னாலிருந்து வாய்க்கால் மண்ணையே அள்ளி வந்துவிட்டேன். எதிர்க்கரையில் நாற்றைப் போட்டுவிட்டுச் சிரிக்கும் பெண்கள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவர் தப்பு தேடுவார். ஒன்றும் கிடைக்கக் கூடாது. அட்டையில் அவர் பெயர், முழு இனிஷியலோடு, அவர் பயன்படுத்திய அதே எழுத்துருவில். ஒளித்து வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

“வேணாம் பாப்பா. படுத்துக் கெடக்கற மனுசன்.”

“அவரு எழுந்து நின்னப்ப நீங்க வேணாம்னு சொன்னீங்களாப்பா?”

கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவின் சட்டைப் பையில் மணிபர்ஸ் தெரிந்தது. அதில் பஸ் பாஸுக்குப் பின்னால் அந்தப் பழைய அட்டை இருப்பது எனக்குத் தெரியும். தூக்கிப் போட அவருக்குக் கை வரவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மிதந்துச்சே செருப்பு, அது எந்தக் கால்து?”

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல் ஏற்றிய லாரி ஒன்று போனது. அது திரும்பி மறையும்வரை பார்த்தார்.

“வலது காலு,” என்றார். “கட்டவெரல் வாரு அறுந்திருந்துச்சு.”

அந்தச் செருப்பு ஒரு நெல் அளவுதான் வரும். அதைத்தான் முதலில் செய்யப் போகிறேன்.